பலகையின் அடிப்பக்கம்

காற்றாடி இழுக்க, கடல்மேல் பலகையில் நின்று போகும் விளையாட்டைக் கற்க ராமேஸ்வரம் போகிறேன். அண்ணன் பிரசாத் கடலில் மூழ்கிப்போன பிறகு அம்மா கடலைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால் எங்கள் ஊர் செங்கம் ரோட்டு விடுதியில் ஒரு வெளிநாட்டுக்காரர் பழைய பலகைகளை விற்கிறார் என்று நான் சொன்னதும் கூடவே வந்தாள்.

நான் சின்னதை எடுத்தேன்.

"புதுசா கத்துக்கறவங்களுக்கு எதுனு அவரைக் கேளு," என்றாள்.

அகலமானதுதான் நன்றாகத் தாங்கும் என்றார் அவர். கதவுபோல் இருந்த அதைப் பார்க்கவே எரிச்சல் வந்தது. இருந்தும் வாங்கினேன்.

வீட்டில் அம்மா பலகைக்குக் குங்குமம் வைக்கப் போனாள்.

"அங்க கால் வைப்பேன்மா."

விரல் நின்றது. பலகையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் வைத்தாள்.

"அங்க வச்சா யாருக்குமா தெரியும்?"

"கடலுக்குத் தெரியட்டும்."