இடது பக்கப் பின் ஸ்பீக்கர்

ஒலிக்கூடத்தில் அவருக்குக் 'காது' என்றுதான் பெயர். படத்தில் ஒரு கதவு முனகினால், அது எந்தப் பக்கமிருந்து முனக வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர். தியேட்டரில் படம் பார்க்க வந்தவனைச் சுற்றி நாலாபுறமும் ஸ்பீக்கர் இருக்கிறதல்லவா, அதில் மழையை வலது தோளிலும் அழுகையை இடது காதோரத்திலும் இறக்கிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, மனைவி ஏன் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள் என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

அப்போது கையிலிருந்தது ஒரு குடும்பப் படம். கணவன் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். மனைவி திரையில் இல்லை, பின்னால், சமையலறையில்.

"அவ பேசறது வார்த்தையா கேக்கக் கூடாது சார். சும்மா ஒரு முணுமுணுப்பு. கடைசில தட்டு விழும் பாருங்க, அப்ப தியேட்டரே திரும்பிப் பாக்கணும்" என்றார் இயக்குநர்.

காதிடம் சரக்கு தயாராக இருந்தது. தன் வீட்டுச் சமையலறை வாசலிலேயே மைக்கை நிறுத்தி, ஹெட்போனோடு கூடத்தில் உட்கார்ந்து பதிவு செய்திருந்தார். குழாய்த் தண்ணீர், கரண்டி, வளையல், நடுவில் ஒரு பெண்குரல், கடைசியில் தட்டு தரையில் மோதும் 'ணங்'. அப்படியொரு ணங் தவம் கிடந்தாலும் கிடைக்காது. அன்றைக்கே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது, மைக் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால்தான் என்று இவர் நம்பினார். நல்ல நம்பிக்கை.

அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஃபிரிட்ஜின் ரீங்காரத்தை வழித்தெடுத்து, குரலை நன்றாக அமுக்கி, இடது பக்கப் பின் ஸ்பீக்கரில் உட்கார வைத்தார்.

முதல் காட்சிக்கு மனைவியை அழைத்தார். தன் வேலையை ஒரு தடவை பார்த்தால் மனம் இளகி வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று உள்ளூர ஆசை. அவள் இல்லாத வீடு அவரை நிஜமாகவே வாட்டியது. நல்ல இருக்கைகளையெல்லாம் தயாரிப்பாளரின் சம்பந்தி வீட்டார் பிடித்துக்கொள்ள, அவளுக்குக் கிடைத்தது கடைசி வரிசை, இடது மூலை. "எங்க உக்காந்தா என்ன, படம் ஒண்ணுதானே" என்று சமாதானம் சொல்லிவிட்டு, இயக்குநரோடு நட்ட நடுவில் போய் உட்கார்ந்தார். இதைச் சொன்னது சத்தத்துக்கு இடம் பார்த்துப் பிழைக்கிற மனுஷன்.

ணங் விழுந்தது. அத்தனை தலையும் திரும்பியது. இயக்குநர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

படம் முடிந்ததும் வாசலில் மனைவியைப் பிடித்தார். "எப்படி இருந்துச்சு?"

"நல்லா கேட்டுச்சு. ஸ்பீக்கர் என் தலைக்கு மேலயேதான் இருந்துச்சு."

"அப்ப வீட்டுக்குப் போலாமா?"

"எல்லாரும் திரும்பினாங்க. நடுவுல ஒரு தலை மட்டும் அசையல. பாத்துட்டுதான் இருந்தேன்."

"எனக்குத் தெரிஞ்ச சத்தம்தானே. நான் எதுக்குத் திரும்பணும்?"

"அதான்" என்றாள். கூட வந்திருந்த அக்காவோடு போய்விட்டாள்.

காது அடுத்த காட்சிக்கு டிக்கெட் வாங்கி, அவள் உட்கார்ந்த அதே மூலையில் போய் உட்கார்ந்தார். தன் வேலையை அந்த இடத்திலிருந்து அவர் கேட்டதே இல்லை.

கூடம் வந்தது, பேப்பர் வந்தது. தலைக்கு மேலே தண்ணீர் கொட்டியது. அதற்கு நடுவே, அவர் அமுக்கிவைத்த குரல் தெள்ளத்தெளிவாக வந்தது.

"என்னங்க, நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இந்தத் தடவை போனா வர மாட்டேன். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துடறேன். காதுல விழுதா?"

அதன்பின் வெறும் தண்ணீர்ச் சத்தம். இந்த இடைவெளிதான் காட்சிக்கு உயிர் என்று இயக்குநரிடம் சண்டை போட்டு, ஒரு நொடிகூட வெட்டாமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

"போகாதே" என்றார் காது, ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்து. வாய்விட்டே சொல்லிவிட்டார். ஆனாலும் தட்டு விழுந்தது.

தியேட்டரே திரும்பியது. முன் இருக்கைக்காரர் மட்டும் திரும்பினதோடு விடவில்லை.

"சார், கொஞ்சம் பேசாம இருங்க. அந்தம்மா என்னமோ சொல்றாங்க, காதுல விழ மாட்டேங்குது."