கன்னத்தில் ஊதாக் கறை

வியாழக்கிழமை மதியம், குழந்தை தூங்கிய பிறகு, வேறு யாரோ நடத்தும் கடையில் தன் மகளைப் பார்த்தாள் ரமாபாய்.

கடை தெருவில் இல்லை, கம்ப்யூட்டரில். கைக்குழந்தைகளுக்குத் துணி விற்கும் ஒரு புது இணையதளம். அவளும் அப்படி ஒரு கடை நடத்துவதால், யார் என்ன விலை வைக்கிறார்கள் என்று தினமும் பார்ப்பது அவள் வழக்கம். முகப்பில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பொக்கைவாயைத் திறந்து சிரித்தது. நல்ல குழந்தை என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நொடி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். அது அம்மு.

சட்டையும் தெரிந்த சட்டை. மார்பில் வாத்துப் படம் வெட்டித் தைத்தது. கீழ்வீட்டு மலிகா அக்கா போன வெள்ளிக்கிழமைதான் மாதிரிக்கு ஒன்று முடித்துக் கொடுத்தாள். இன்னொன்று தைக்கவில்லை. அந்த ஒரே சட்டை இப்போது மாடிக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. ரமா அதை இன்னும் படமே எடுக்கவில்லை. அவள் தளத்திலிருந்து யாரும் சுட்டிருக்க முடியாது. குழந்தைக்குப் பக்கத்தில் வந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

பிறகுதான் பொட்டைக் கவனித்தாள். இடது கன்னத்தில், கறுப்பாக, ஒரு திருஷ்டிப் பொட்டு.

அந்த வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. ரமாவின் மாமியார் ஞானசெல்வி மாநகராட்சிப் பள்ளியில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர். வியாசர்பாடியில் புத்த ஜெயந்திக் கூட்டம் என்றால் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி நிச்சயம். "கண்ணு பட்டா கல்லு ஒடையும்னா, குவாரில எதுக்குய்யா வெடி வெக்கிறான்?" என்று அவர் கேட்டதும் கூட்டம் கை தட்டும். அம்மு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார், பொட்டு, பூசணிக்காய், மிளகாய் எதுவும் இந்த வாசற்படி ஏறக் கூடாது என்று. வீட்டில் கண்மை டப்பாகூட இல்லை.

அப்படியானால் பொட்டு வைத்தது வெளியாள்.

ரமா மணலியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். வயிற்றில் அம்மு தங்கியதும், ரசாயன நெடி ஆகாதென்று விட்டுவிட்டாள். இணையத்தில் குழந்தைத் துணிக் கடை போடலாம் என்று கல்லூரித் தோழி ஷாலுதான் யோசனை சொன்னாள். "வண்ணாரப்பேட்டையில துணி, கீழ்வீட்டுலயே டெய்லர், வேற என்னடி வேணும்?" கடைக்குத் தொட்டில் என்று பெயர் வைத்தார்கள். கிரெடிட் கார்டு ஷாலுவிடம்தான் இருந்தது. அதனால் தளம் ஷாலு பேரில் பதிவானது. துணி எடுப்பது, தைக்க வைப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் ரமா. பிரசவத்துக்கு முதல் நாள்கூட பார்சல் கட்டியிருக்கிறாள். பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆர்டர் வர ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்தக் கடை ஒன்றுதான் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது.

யார்? வெள்ளிக்கிழமையிலிருந்து நாட்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். குழந்தையை விட்டு அவள் வெளியே போனது சனிக்கிழமை மட்டும்தான். அதுவும் ஷாலு பிடுங்கி எடுத்ததால். "நாலு பேரைப் பாக்காம வீட்டுக்குள்ளயே இருந்தா கடை எப்படிடி வளரும்? எல்லாரும் வராங்க, நீயும் வர்றே." நுங்கம்பாக்கத்தில் ஒரு காபிக் கடை. காலையில் அம்முவுக்கு வாத்துச் சட்டையைப் போட்டு அளவு பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அங்கே போனால் ஷாலு இல்லை. தலைவலி, வரமுடியவில்லை என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது. ஷாலு கூப்பிட்டிருந்த மற்றவர்கள் சிரித்துப் பேசினார்கள். "கொருக்குப்பேட்டையா, அது மெட்ராஸ்ல எங்க இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு மணி நேரம் ஒரே காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ரமா. பால் கட்டிச் சுடிதாரின் முன்பக்கம் நனைந்தது. துப்பட்டாவை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கியபோது இடது கன்னத்தில் வெளிறிய ஊதாவாக ஏதோ தெரிந்தது.

"எங்கியாவது இடிச்சிக்கிட்டாளா அத்த?"

"கொசு கட்ச்சிருக்கும்" என்றார் மாமியார்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வரப் போறா? மலிகா கைல ஒரு மணி நேரம் குட்த்துட்டு ரேசன் கடைக்குப் போனேன். அவ்ளதான்."

இப்போது படத்தில் பொட்டு இருந்ததும் அதே இடது கன்னம்தான். மலிகாதான் பொட்டை வைத்து, அந்தக் கடைக்குக் கொடுக்கப் படம் எடுத்துவிட்டு, தெரியாமல் இருக்க அழுத்தித் துடைத்திருக்கிறாள், தோல் கன்றிவிட்டது என்று ரமா முடிவு கட்டினாள். மலிகாவின் மகன் அமானுக்கு இரண்டு வயது. அவன் கன்னத்தில் நாலணா அகலத்துக்குப் பொட்டு இல்லாத நாளே கிடையாது. மலிகாவின் தம்பி தமீம் துபாயிலிருந்து கேமரா வைத்த போன் அனுப்பியிருந்தான். எல்லாம் சரியாகப் பொருந்தியது. பரிசோதனைக் கூடத்தில் இவ்வளவு சரியாகப் பொருந்தினால் மறுபடி செய்து பார்ப்பாள். அன்றைக்குச் செய்யவில்லை.

கீழே போனாள். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் அமான் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

"வா ரமா. இன்னா, மூஞ்சி இஞ்சி தின்ன மாரி கீது?"

"ஒண்ணுமில்லக்கா. சனிக்கெழம அம்மு இங்க இருந்தாளா?"

"ஒரு மணி நேரம் இருந்தா. தூங்கிகினுதான் இருந்தா. ஏன்?"

"உங்க போன்ல போட்டோ எடுக்கலாம் இல்ல?"

மெஷின் நின்றது. "எடுக்கலாம். எடுத்தா இன்னா?"

"பாக்கலாமான்னு..."

மலிகா போனை நீட்டினாள். ரமா தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அமான் சோறு தின்பது, அமான் அழுவது, ரம்ஜானுக்கு எடுத்த புடவை. அம்மு இல்லை. அழித்திருப்பாள் என்று நினைத்தாள்.

"இன்னா தேடற?"

"சும்மாக்கா."

"சும்மாவா? பர்மா பஜார்ல ரெய்டு வந்தவன் மாரி ஒண்ணொண்ணா தள்ளிகினு கீற."

ரமாவுக்குச் சண்டை போடத் தெரியாது. சண்டைக்குப் பதிலாக அவள் வேறொன்று செய்தாள். "அடுத்த வாரத்துக்குத் துணி இல்லக்கா. கொஞ்ச நாள் நிறுத்திக்கலாம்."

மலிகா அவளையே பார்த்தாள். "துணி இல்லியா, மன்சு இல்லியா?"

ரமா படியேறினாள்.

ஷாலுவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "நான் அப்பவே சொல்லலை? இந்த மாதிரி ஆளுங்களை வீட்டுக்குள்ள விடாதேன்னு. நீ அந்தப் பொண்ணை நிறுத்து. மத்ததை நான் பாத்துக்கறேன், நீ குழந்தையைப் பாரு." போனை வைத்ததும் ரமாவுக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது. மலிகா என்றால் தையல் ஆள் ஒருத்தியை மாற்றினால் போதும். வேறு யாராவது என்றால் என்னாகும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்கப் பயமாக இருந்தது.

நாலு நாள் எல்லாரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தாள். வாசலில் நிழல் ஆடினால் எட்டிப் பார்த்தாள். கண்டெய்னர் யார்டில் ஷிப்ட் முடிந்து வந்த கணவன் சித்தார்த் பிள்ளையைத் தூக்கினால்கூட, அவன் பையில் போன் எங்கே இருக்கிறது என்று கண் போனது. "இன்னாடி, என்னியே செக்யூரிட்டி மாரி பாக்கற?" என்றான். மாமியார் மட்டும் எதுவும் கேட்கவில்லை. ரமா எதிரில் வந்தால் பேப்பரை விரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பார்சல் கட்டும்போது கறுப்பு மார்க்கர் பேனாவின் மை விரலில் பட்டது. கவர்மேல் முகவரி எழுதும் பேனா, எப்போதும் கம்ப்யூட்டர் மேசைமேலேயே கிடக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கறுப்பு போனது. ஊதா தங்கிவிட்டது.

அந்த ஊதாவை அவளுக்குத் தெரியும்.

தொட்டிலுக்குப் போய் அம்முவின் கன்னத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். பத்து நாளில் அது நன்றாக மங்கியிருந்தது. ஆனாலும் அதே நிறம்தான். கன்றிப்போன தோலாக இருந்தால் இதற்குள் பச்சையாகி, மஞ்சளாகிப் போயிருக்கும். கண்மையாக இருந்தால் எண்ணெயில் அன்றைக்கே போயிருக்கும். கல்லூரியில் மையை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்த சோதனை நினைவுக்கு வந்தது. செய்தித்தாளின் வெற்று ஓரத்தைப் பட்டையாகக் கிழித்து, மார்க்கரால் ஒரு கோடு போட்டு, நுனியைச் சித்தார்த்தின் ஷேவிங் லோஷனில் நனைத்துத் தொங்கவிட்டாள். ஈரம் மெல்ல ஏறியது. கறுப்பு பிரிந்தது. மேலே ஊதா தனியாக நின்றது.

மலிகாவிடம் கண்மை டப்பா இருக்கிறது. மார்க்கரைத் தேடி மாடிக்கு வர அவளுக்கு அவசியமே இல்லை. கண்மை இல்லாத வீட்டில், மேசைமேல் கைக்குக் கிடைத்ததை எடுத்தவர்தான் இந்தப் பொட்டை வைத்திருக்க வேண்டும்.

காகிதப் பட்டையை மாமியாரின் பேப்பர்மேல் வைத்தாள். மாணவன் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்தார்.

"அத்த, அம்முக்குப் பேனால பொட்டு வச்சது நீங்களா?"

 வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி பெட்டியாகக் கடந்து முடிந்தது.

"உன் சிநேகிதி வந்துச்சு" என்றார் கடைசியில். "அதான், ஷாலு. கடைக்குப் போட்டோ எடுக்கணும்னு சொல்லிச்சு. பெரிய கேமரா. புள்ளய இப்டி திருப்புது, அப்டி திருப்புது. அது பாத்த பார்வ எனக்கு ஆவல ரமா. துணிக்கடைல பொம்மய பாக்கற மாரி பாத்துச்சு. எனக்கு இன்னா ஆச்சின்னே தெரில. உன் பேனாவ எடுத்து வச்சிட்டேன். சிரிச்சிகினே அது அதயும் சேத்து எடுத்துச்சு. போனதும் சோப்பு, தேங்காண்ண, எல்லாம் போட்டுத் தேச்சேன். போவல."

"அன்னிக்குக் கேட்டேனே. யாரும் வரலன்னீங்க."

"ரமாகிட்ட சொல்லாதீங்க, சர்ப்ரைஸுன்னு சொல்லிச்சு. அதக்கூட வுடு. அது வந்துச்சுன்னு சொன்னா போட்டோவக் கேப்ப. போட்டோவுல பொட்டு இருக்கும்." அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "மேட ஏறிப் பேசறவ நான்."

"மலிகாக்காவை நான் நிறுத்திட்டேன் அத்த."

"தெரியும்" என்றார் அவர், மிகவும் தாழ்ந்த குரலில்.

தெரிந்தும் நாலு நாள் பேப்பர் படித்திருக்கிறார். ரமா மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். தொட்டில் கடையின் கடவுச்சொல்லைப் போட்டாள். தவறு என்றது. எழுத்தெழுத்தாகப் பார்த்து மறுபடி போட்டாள். தவறு. மூன்றாம் முறை போடவில்லை. கார்டு ஷாலுவுடையது, தளம் ஷாலுவுடையது, அந்தப் புதுக் கடையும் அவளுடையதுதான். போனில் மத்ததை நான் பாத்துக்கறேன் என்று சொன்னது இதைத்தான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். மெஷின் ஓடும் சத்தம் பாதிப் படியிலேயே கேட்டது. வேலை இல்லாதவள் வீட்டில் மெஷின் எப்படி ஓடும்?

மலிகாவின் மடியில் மஞ்சள் துணி. பக்கத்தில் வெட்டி அடுக்கிய வாத்துகள்.

"இது யார் துணிக்கா?"

மலிகா நிமிரவில்லை. "இன்னா நாடகம் இது? உன் தோஸ்துதான் நேத்து வந்து குட்த்துட்டுப் போச்சு. நேர்ல குடுக்க மூஞ்சி இல்லாம நீதான் அனுப்சிகீறன்னு நெனச்சிகினேன்."

"நான் அனுப்பல. அது என் கடைக்கு இல்ல. எனக்குக் கடையே இல்லக்கா இப்ப."

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. ரமா எல்லாவற்றையும் சொன்னாள். படம், பொட்டு, பேனா, கடவுச்சொல்.  மலிகா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அத்தெல்லாம் இருக்கட்டும். என்னிய சந்தேகப்பட்டியா இல்லியா? அதச் சொல்லு."

"பட்டேன்."

"டீச்சரக் கேட்ட, யாரும் வர்லன்னாங்கோ, நம்பிட்ட. தோஸ்தக் கேட்ட, நம்பிட்ட. நான் சொன்னத்த மட்டும் நம்பல. போன வாங்கிப் பாத்த."

ரமா ஆமென்று தலையை ஆட்டினாள்.  அமான் வந்து அம்முவின் காலைப் பிடித்து இழுத்தான். அம்மு சிரித்தாள்.

மலிகா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரும், இத்த வாங்கினு போவ. வரட்டும். நான் கைல எடுத்துக் குடுக்க மாட்டேன். நீ இங்க நின்னு கேளு. நான் உனக்காகப் பேச மாட்டேன், தெரியுதா? உன் வாயால கேளு."

"எனக்கு அப்படியெல்லாம் பேச வராதுக்கா."

"என்னாண்ட மட்டும் வந்துச்சே." பிறகு, சிரிக்காமலேயே, "வரும்போது புள்ளைக்குப் பொட்டு வச்சித் தூக்கினு வா. டீச்சருகிட்ட பேனா கீதே."

ஐந்து மணிக்கு ரமா கீழே வந்தாள். அம்முவுக்கு அந்த வாத்துச் சட்டையைப் போட்டிருந்தாள். கன்னத்தில் பொட்டு இல்லை. மலிகா கன்னத்தைப் பார்த்தாள், ரமாவைப் பார்த்தாள், கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் மாமியார் படியிறங்கி வந்து, கூப்பிடாமலேயே, கதவோரம் நின்றார். மலிகா அவரை உட்காரச் சொல்லவில்லை.

தெருக்கோடியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் சைக்கிள்களுக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவில் ஷாலுவின் சிவப்பு ஸ்கூட்டி நின்றது. கூட்ஸ் வண்டி வர ஆரம்பித்தது. ரமா வாசலுக்கு வெளியே வந்து நின்று, என்ன கேட்க வேண்டும் என்பதை முதல் வார்த்தையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பெட்டிகள் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பெட்டி போனதும் கேட் மேலே எழுந்தது.