இஸ்திரி போட்ட வடிகட்டி

மாமனாரின் சலவைக்கூடத்தில், துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் மடிக்கணினியை வைத்தேன். திரையில் மூன்று நடுவர்கள், மொழிபெயர்க்க ஒரு பெண். சுற்றுச்சூழலுக்காக உழைக்கும் இளம் கண்டுபிடிப்பாளர்களுக்கு உலக அளவில் தரும் விருது. நாங்கள் கடைசிச் சுற்றில் இருந்தோம்.

நாங்கள் என்றால் நானும் என் மனைவியும். அவள் இறந்து ஐந்து மாதமாகிறது. இறந்தவர்களுக்கு விருது தரும் வழக்கம் இல்லையாம்; என் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பதிலை இன்று சொல்வதாக இருந்தேன்.

துவைக்கும்போது உதிரும் நுண்ணிய இழைகள் ஆற்றுக்குப் போகாமல் பிடிக்கும் துணிப்பை எங்களுடையது. கழிவுநீர்க் குழாயின் வாயில் கட்டுவோம். துவைக்கும் இயந்திரத்தை ஓட்டும் பெண்ணை எல்லோரும் நுரை என்றுதான் கூப்பிடுவோம். அவள் குழாயைத் திறந்தாள். பையைத் தாண்டி வாளியில் விழுந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது.

"என்ன மாப்ள, மானம் போகுதே!" என்றார் மாமா.

பையின் நனையாத மேல்விளிம்பைத் தொட்டேன். மொடமொடவென்று இருந்தது. மடிப்புகூடக் கலையவில்லை.

"மாமா, இதைத் துவைச்சீங்களா?"

"பின்னே? இத்தனை பெரிய மனுஷங்க பாக்கறாங்க, அழுக்கோடவா காட்டறது? ரெண்டு தரம் அலசி, இஸ்திரி போட்டுதான் மாட்டினேன்."

"நல்லவேளை, சென்ட் அடிக்கல" என்றாள் நுரை.

"பாட்டில் காலி."

நான் திரையைப் பார்த்தேன்.

"பை பெரிய விஷயம் இல்லைங்க. அதைத் துவைக்கக் கூடாதுங்கறதுதான் கண்டுபிடிப்பு. சுத்தமான துணியில இழை நழுவிடும். உள்ள படியற பஞ்சுதான் அடுத்து வர்றதைப் பிடிக்கும். பாருங்க."

வாளித் தண்ணீரையே மறுபடி மறுபடி பையில் ஊற்றச் சொன்னேன் நுரையிடம். ஒவ்வொரு தடவையும் கலங்கல் குறைந்தது. கடைசியில் வாளியின் அடி தெரிந்தது.

"இதைக் கண்டுபிடிச்சது யாரு?" தலைமை நடுவர் கேட்டார்.

"என் மனைவி. நான் தைச்சேன், குழாயில பொருத்தினேன். ரெண்டு பேருக்கும்னா வாங்கிக்கறேன். எனக்கு மட்டும்னா வேண்டாம்."

குரல் நடுங்கவில்லை. ஐந்து மாதமாக அது எதற்கும் நடுங்குவதில்லை.

அவர்கள் ஒலியை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள்.

"கைக்கு வந்ததைத் தட்டி விடறீங்களே மாப்ள."

"உங்க பொண்ணு மாமா."

அவர் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "அப்ப விடாதீங்க" என்றார்.

ஒலி திரும்பியது. "விண்ணப்பிச்சப்போ அவங்க உயிரோட இருந்தாங்களா?"

"இருந்தா. நான் தயங்கிட்டே இருந்தேன். கையைத் தட்டிவிட்டு அவதான் அனுப்பினா."

நடுவர் சிரித்தார். "அப்போ ரெண்டு பேரும்தான் போட்டியில. முடிவு அடுத்த வாரம். பேரை எப்படிப் போடணும்?"

"அவ பேர் முதல்ல."

மாமா என்னைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தார். மகளின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பிறகு, அவர்கள் கேட்காமலே, இன்னொரு முறையும்.