முட்டை விலைக்குக் கீழே

வெண்ணிலா வேதியியல் ஆசிரியை. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் மட்டும் பிளஸ் டூ மாணவிகளுக்கு வேறொன்று சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொருத்தி போனிலும் நாற்பது வாட்ஸப் குழுக்கள், பார்க்காத வீடியோக்கள், திறக்காத பிடிஎஃப்கள். எதைப் படிப்பது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். அவள் ஒரு செயலியைக் காட்டினாள். பாடத்துக்கு ஒரு பலகை, அதில் மூன்றே இணைப்புகள், ஒவ்வொன்றையும் ஏன் வைத்தோம் என்று ஒரு வரி. மற்றதெல்லாம் வெளியே. நாலு பேர் முன்னால் பேசவே தயங்கும் அவளுக்கு அந்த வகுப்பில் மட்டும் பேச்சு தடையில்லாமல் வரும்.

தனப்பிரியா அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். ஜேடர்பாளையத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சின்னண்ணனின் மகள். வேளாண்மைக் கல்லூரியைத் தவிர வேறு நினைப்பு இல்லாதவள். நாற்பத்தொரு குழுக்களை நான்காகக் குறைத்துவிட்டு, நான்காவதைக் காட்டினாள். பள்ளி அலுவலக உதவியாளர் மாரியப்பன் நடத்தும் குழு. கோழிப்பண்ணையும் வைத்திருந்த அவர், தினமும் அன்றைய முட்டை விலைப் படத்தைப் போடுவார்.

"ஏனுங்க மிஸ், இதையும் எடுத்துறட்டுங்களா? எங்கூட்ல கோழியே இல்லீங்க."

வகுப்பே சிரித்தது. வெண்ணிலா இரண்டு வாரத்துப் படங்களை விரலால் தள்ளிப் பார்த்தாள். முட்டை விலை, காலை வணக்கம், முட்டை விலை. "எடுத்துரு," என்றாள்.

தனப்பிரியா நல்ல மதிப்பெண் வாங்கினாள். கல்லூரி விண்ணப்பத்தை மாரியப்பன்தான் பள்ளியில் வைத்து நிரப்பினார். எல்லாருக்கும் போலவே அவள் விண்ணப்பத்திலும் தொடர்பு எண்ணாகப் பள்ளி அலுவலக எண்ணையே போட்டார். ஜூனில் அந்த எண்ணுக்குத் தகவல் வந்தது. சாதிச் சான்றிதழ் தெளிவாக இல்லை, புதன் மாலைக்குள் மறுபடி ஏற்ற வேண்டும். அவர் அதை அவள் பெயரோடு குழுவில் போட்டார், முட்டை விலைப் படத்துக்குக் கீழே இரண்டு வரியாக. முக்கியமானதை அவர் எப்போதும் அங்கேதான் எழுதுவார். விலை பார்க்காத வீடு இந்தப் பக்கம் கிடையாது என்று நினைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தபோதுதான் தனப்பிரியாவுக்குத் தெரிந்தது.

அன்றே வெண்ணிலா அவளையும் சின்னண்ணனையும் கூட்டிக்கொண்டு நாமக்கல் மாணவர் சேர்க்கை உதவி மையத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். விண்ணப்பம் தள்ளுபடி. அடுத்த வருடம் போடலாம் என்றார்.

வெளியே வந்ததும் சின்னண்ணன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "கரூர் கொசுவலைக் கம்பெனி வண்டி ஊருக்குள்ளயே வருதுங்க மிஸ். ஒரு வருசம் போயிட்டு வரட்டும்."

அந்த வண்டியில் ஒரு வருடத்துக்கென்று ஏறிய யாரும் திரும்பப் படிக்க வந்ததில்லை. வெண்ணிலாவுக்கு அது தெரியும். எடுக்கச் சொன்னது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தனப்பிரியா முந்திக்கொண்டாள்.

"நாந்தானுங்கப்பா பாக்காம உட்டுட்டேன்."

வெண்ணிலா வாயை மூடிக்கொண்டாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் வெண்ணிலா, தானும் பார்க்காமலே விட்டிருந்த மாரியப்பன் குழுவைத் தன் போனில் திறந்து, வகுப்பில் தள்ளிப் பார்த்த அந்த இரண்டு வாரத்தைத் தேடினாள். ஒரு முட்டை விலைப் படத்தின் அடியில், தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்று எழுதியிருந்தது. அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

பக்கத்தில் தனப்பிரியா விட்ட குழுக்களில் எல்லாம் மறுபடி சேர்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு காலை வணக்கத்தையும் திறந்து, பெரிதாக்கி, அடி வரைக்கும் படித்தாள்.

"எல்லாத்தையும் படிக்க வேண்டாம் சாமி," என்றாள் வெண்ணிலா.

"எத உடறதுன்னு தெரியலீங்க மிஸ்," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

இறங்கும் இடம் வந்தபோது இன்னும் முந்நூறு செய்திகள் பாக்கி இருந்தன.