அன்புள்ள பெரியம்மாவுக்கு

இஸ்திரிக்காரிக்கு உடன்பிறந்த அக்காள் கிடையாது. ஒன்றுவிட்ட அக்காள்கூடக் கிடையாது. அப்படியிருக்க, அவள் பெற்ற மகள் ஒரு தாளை எடுத்து 'அன்புள்ள பெரியம்மாவுக்கு' என்று எழுதினால் அவளுக்கு எப்படி இருக்கும்? வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது.

மகள் படிப்பது சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பு வரை சலவைக் கடைச் சம்பளமும் வெல்டர் புருஷனின் சம்பளமும் சேர்ந்து கட்டணத்தை எப்படியோ இழுத்துப் பிடித்தன. ஒன்பதாம் வகுப்பில் கட்டணம் எகிறியது. டி.சி. வாங்கப் போனவளை உட்கார வைத்துப் பெரிய சிஸ்டர் ஒரு வழி சொன்னார். சர்ச்சுக்கு வரும் ஒரு அம்மா முக்கால் கட்டணத்தைக் கட்டுவார், பெயரைச் சொல்ல மாட்டார். பிள்ளை தன் கையால் பருவத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான். குறித்த நாளுக்குள் கடிதம் வராவிட்டால் உதவி வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

முதல் கடிதத்தை இஸ்திரிக்காரியே சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்று தொடங்கி ஆறே வரி. அடுத்த பருவத்தில் அம்மையீர் ஆன்ட்டி ஆனார். மூன்றாவதில் ஆன்ட்டி பெரியம்மா ஆகிவிட்டார். தாளும் இரண்டு பக்கம் நிறைந்து, பசை போட்டு ஒட்டிய கவரில் போனது.

இந்த மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வாயாடி. கதவைத் திறந்ததும் பள்ளிக்கூடக் கதை மொத்தத்தையும் கொட்டி, கேட்டவர்கள் காதைப் புண்ணாக்கிய பெண். ஒரு வருஷமாக வீட்டில் அவள் பேச்சு 'ம்', 'இல்ல', 'பசிக்கல' என்ற மூன்றோடு முடிந்தது. மிச்சமெல்லாம் அந்தக் கவருக்குள் போகிறது என்று இஸ்திரிக்காரிக்குத் தெரியாதா?

"அப்படி என்னதான்டி எழுதுற?"

"சும்மாம்மா. படிப்பைப் பத்தி."

"எங்கிட்ட சொல்லாத படிப்பா?"

வெல்டர் சிரித்தான். "பணம் கட்டுறது அவங்க. காது புகையிறது உனக்கா?"

"உங்களுக்கென்ன, பெரியப்பான்னு ஒருத்தர் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஜெபத்தை விட்டுவிட்டு அந்தப் பெண் யார் என்று ஒவ்வொரு பெஞ்சாக மேய்ந்தாள். கடைசியில் கிரீம் கலர் கோட்டுப் போட்ட ஒருத்தியின் மேல் சந்தேகம் நிலைத்தது. ஒருநாள் அவள் வாயாடியைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தாள், அது போதாதா? அந்தக் கோட்டு வாராவாரம் இஸ்திரிக்காரியின் மேஜைக்குத்தான் வரும். அந்த வாரம் அதன் இரண்டு கைகளிலும் இரட்டை மடிப்பு விழுந்தது. பதினொரு வருஷ வேலையில் அவள் தெரிந்தே செய்த முதல் தப்பு அது.

நான்காவது கடிதம் மகளின் பத்தாம் வகுப்புத் தொடக்கத்தில் வந்தது. கவர் கனமாக இருந்தது. பள்ளி ஆபீஸ் ஜன்னல் மதியம்தான் திறக்கும், அப்போது பிள்ளைகளுக்கு வகுப்பு. அதனால் கொடுப்பது எப்போதும் அம்மாவின் வேலை. இந்தத் தடவை அவள் கொடுக்கவில்லை. கவர் ஒரு வாரம் அவள் ஏப்ரன் பையிலேயே கிடந்தது. பெரியம்மா காத்துக் கிடக்கட்டும், என் பிள்ளையின் பேச்சுக்கு நான் காத்துக் கிடக்கவில்லையா என்று அவளுக்கு ஒரு வீம்பு. கடைசி நாள் எது என்பதையும் அந்த வீம்பிலேயே கோட்டை விட்டாள்.

பள்ளியிலிருந்து கிளார்க்கம்மா போன் செய்தபோது மணி இரண்டரை. "லெட்டர் இன்னும் வரலையே. மூணு மணிக்கு லிஸ்ட்டை மூடிடுவாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளி முறைக்க முறைக்க ஏப்ரனோடு ஓடினாள். என் பொறாமைக்கு என் பிள்ளை படிப்பைப் பலி கொடுத்துவிட்டேனே என்று வழியெல்லாம் தன்னைத் தானே கரித்துக் கொட்டிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வந்தபோது மூன்றாக நான்கு நிமிஷம். கிளார்க்கம்மா பட்டியலில் டிக் அடித்துவிட்டு, கவரைப் பிரிக்காமலே ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டார். அதில் முந்தைய மூன்றும் யாரும் படிக்காமல் அப்படியே கிடந்தன.

"ஏங்க, அந்த அம்மா இதையெல்லாம் வாங்கிப் படிக்கிறதில்லையா?"

கிளார்க்கம்மா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாருங்க அவங்க? ஒரு தடவை நான் பாக்கணும்."

"பாக்கணும்னா சர்ச் வாசல்ல நிக்குதே உண்டியல், அதைத்தான் பாக்கணும். அப்படி ஒரு அம்மா கிடையாதுங்க. வர்றவங்க போறவங்க போடுறதுதான். நீங்களும் போடுவீங்கல்ல? உண்டியலுக்கு நன்றி எழுதுன்னா எந்தப் பிள்ளை எழுதும்? அதான் ஒரு அம்மான்னு சொல்லி வச்சோம். தூக்கிப் போட எனக்கு மனசு வரல. டிக் போட்டாச்சு, நீங்களே எடுத்துட்டுப் போங்க."

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து இஸ்திரிக்காரி கனமான கவரைப் பிரித்தாள்.

'பெரியம்மா, போன வருஷத்திலிருந்தே எனக்கு போர்டு தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அம்மா அன்றைக்கே ஓவர்டைம் பார்க்கப் போய்விடும். அதற்கு ஏற்கெனவே முழங்கை வலி. நான் வாயைத் திறந்தாலே அம்மாவுக்கு ஏதாவது செலவு வருகிறது. அதனால் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். உங்களிடம் பேசினால் யாருக்கும் செலவில்லை.'

இரண்டு பஸ் வந்து போயின. அவள் ஏறவில்லை.

அன்று மாலை, தன் வாயாலேயே அவள் அதைச் சொன்னாள். "உன் பெரியம்மா ஆபீஸ்ல சொல்லி விட்டிருக்காங்க. உன்னைக் கண் டாக்டர்கிட்ட காட்டணுமாம். செலவு அவங்களோடது."

மகள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இஸ்திரிக்காரி பார்த்தாள். வேறு வழியில்லை.

மூன்று வாரம் ஓவர்டைம் பார்த்தாள். அதற்கிடையில் கிரீம் கலர் கோட்டு மறுபடி மேஜைக்கு வந்தபோது, அதன் கைகளை இரண்டு தடவை தேய்த்து நேராக்கி அனுப்பினாள்.

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்ட மகள் ஜன்னல், எதிர்வீட்டுக் கதவு, காலண்டர் எண் எல்லாவற்றையும் பார்த்து முடித்துக் கடைசியில் அம்மாவைப் பார்த்தாள்.

"எல்லாம் பளிச்சுன்னு தெரியுதும்மா. பெரியம்மாவுக்கு என் மேல எவ்ளோ பாசம் பாத்தியா?"

"ஆமா," என்றாள் இஸ்திரிக்காரி. வயிறு பழையபடியே எரிந்தது. இல்லாத ஒருத்தியின் மேல் எரிகிறது என்று தெரிந்தும் எரிந்தது.

"இப்பவே ஒரு தேங்க்ஸ் லெட்டர் எழுதட்டுமா?"

"எழுது." தாளை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுக்கு நான்காகக் கொடுத்தாள். "எல்லாத்தையும் எழுது. நல்லா நீளமா எழுது."

மகள் குனிந்து எழுதினாள். இஸ்திரிக்காரி பின்னால் வந்து நின்றதும் தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"எட்டிப் பாக்காதம்மா. இது பெரியம்மாவுக்கு."

"பாக்கலடி," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.