செகுந்தினோ சொன்ன சாட்சி

கல்யாணச் சான்றிதழ் அச்சாகவில்லை. மணமகன், மணமகள் பெயரைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மற்றதைத் தலைநகரத்துத் தலைமைச் சபையின் கணினி பார்த்துக்கொள்ளும் என்று, சபைப் பதிவு எழுதும் எனக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். என் பெரியம்மா மகன் செகுந்தினோ அண்ணன் பெயரையும் அவர் கட்டிக்கொள்ளப்போகும் நெரேய்தா பெயரையும் போட்டு அழுத்தினேன். இருவரும் பெண்கள், திருமணம் பதிய இயலாது என்று சிவப்பில் வந்தது. எனக்குப் பின்னால் நின்று அதைப் படித்த செகுந்தினோ அண்ணன், "என் குரலை அதுக்குக் கொஞ்சம் கேக்க வை" என்று சொல்லிச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடைசி பெஞ்சிலிருந்து பாடினால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படிக் கனத்த குரல்.

எங்கள் உப்பளக் கரையில் சில குடும்பங்கள் அப்படித்தான். பெண் என்று பிறந்து பெண்ணாகவே வளரும் குழந்தைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும், தோள் அகலும், பையனாகிவிடும். அம்மா ஒரு கால்சட்டை தைத்துக் கொடுப்பாள். பெயரின் வாலை மாற்றுவார்கள். பையன்கள் கொஞ்ச நாள் கிண்டல் செய்துவிட்டுப் பிறகு பந்து விளையாடக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். அண்ணன் சிறு வயதில் வெள்ளைப் பாவாடையோடு வளைகுடாவில் ஞானஸ்நானம் எடுத்தபோது அவர் பெயர் செகுந்தினா. பின்னால் சபைப் பதிவை யாரும் திருத்தவில்லை. ஊருக்கே தெரிந்ததை எதற்குத் திருத்துவது? போன வருஷம் தலைநகரத்திலிருந்து, எல்லாச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவுகளையும் கணினியில் ஏற்றப்போகிறோம், அனுப்புங்கள் என்றார்கள். இருந்தபடியே அனுப்பி வைத்தோம். இந்த முட்டாள்தனத்தை எங்கள் ஊரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அண்ணன் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் யூதெல்காவுக்குப் பத்து வயது. அவள் பிறந்த அன்றைக்கே மருத்துவச்சி, "இதுவும் உங்க பெரியம்மா வீட்டு வழிதான் போலிருக்கு, பொறுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டாள். அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. நானும் மாமா மாதிரி ஆவேனா என்று கேட்பாள், ஆகலாம் என்பேன். உடனே தோளை விரித்துக்கொண்டு முற்றத்தில் நடந்து காட்டுவாள். மாமாவுக்குப் படகு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அவரைப் பார்த்து அவளுக்குப் பயமே வந்ததில்லை. அவருக்கு இந்தச் சபை என்ன செய்கிறதோ அதுதான் நாளை என் பிள்ளைக்கும்.

எங்கள் பாஸ்டர் அப்தியாஸ் வெளியூர்க்காரர், நல்ல மனுஷன்தான். தலைநகரத்துக்கு எழுதிக் கேட்டார். அதற்குள் பெட்டிக்கடை வாசலில் டோமினோ ஆடுகிறவர்களுக்கு இது தீனியாகிவிட்டது. அண்ணன் தோற்கும் போதெல்லாம், "பாவம்ப்பா, பொம்பளப் புள்ளைய ஜெயிக்க விடுங்க" என்றார்கள். அவரும் காயை ஓங்கி அடித்துவிட்டு அவர்களுடைய பாட்டன் பூட்டன் வரை இழுத்தார். அந்தக் கிண்டலில் விஷம் இல்லை.

பிறகு தலைநகரத்திலிருந்து குளிரூட்டிய ஜீப்பில் இரண்டு சபை மூப்பர்கள் வந்தார்கள். பெரியவர் பெயர் எல்பிதியோ. நாங்கள் வைத்த மீனையும் வாழைக்காய் மசியலையும் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டார். அண்ணனின் அடையாள அட்டையைப் பார்த்தார். அதில் ஆண் என்றுதான் இருக்கிறது. அதற்காக அண்ணன் பல வருஷம் நீதிமன்றத்துக்கு அலைந்தார். டாக்டர் கொடுத்த தாளையும் எல்பிதியோ பார்த்தார். உடம்பு கர்த்தர் கொடுத்தது, அதில் குற்றம் சொல்ல நாங்கள் யார் என்றார். அந்த நேரத்தில் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பேன்.

அப்புறம்தான் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார். ஆணா பெண்ணா என்று குறிக்கும் கட்டம் ஞானஸ்நானத்தோடு கட்டப்பட்டிருக்கிறதாம், தனியாக மாற்ற வழியில்லையாம். செகுந்தினாவின் பதிவை மூடிவிட்டு செகுந்தினோவைப் புதிய அங்கத்தினராகச் சேர்க்க வேண்டுமாம். புதிய அங்கத்தினருக்கு ஞானஸ்நானத் தேதி வேண்டும். ஆகவே அவர் மறுபடியும் தண்ணீரில் இறங்க வேண்டும். ஒரு கட்டத்துக்காக ஒரு மனுஷனை முக்கி எடுக்கச் சொல்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அண்ணன் சரி என்றார். குளிப்பது போலத்தானே என்றார்.

எங்கள் சபையில் அது அவ்வளவு லேசு இல்லை. தண்ணீரில் நிற்கிறவர் தான் விட்டுவந்த பாவத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் சாட்சி. குடி, கோழிச்சண்டை, அடுத்தவன் பெண்டாட்டி, எதுவானாலும் பெயர் சொல்ல வேண்டும். கரையில் நிற்பவர்கள் ஆமென் சொன்ன பிறகுதான் முழுக்கு. சபையை விட்டு ஒரு நாளும் விலகாத அண்ணன் எந்தப் பாவத்தைச் சொல்வார்? நெரேய்தாவோடு கல்யாணம் ஆகாமல் வாழ்வதைச் சொல்லலாம் என்றால், அதை இன்னும் விடவில்லையே என்றார் எல்பிதியோ. அண்ணன் சொல்ல வேண்டிய சாட்சியை அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தாளைப் படித்ததும் நேராகப் படகுத்துறைக்குப் போனேன். அண்ணன் வலை கோத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதைச் சொல்லாத. ரம் குடிச்சேன்னு சொல்லு, சூதாடினேன்னு சொல்லு."

"அது பொய்யாச்சே. தண்ணியில நின்னுக்கிட்டுப் பொய் சொல்லவா?"

"இது மட்டும் நிஜமா? பெரியம்மா பாவாடை போட்டுவிட்டா, நீ போட்டுக்கிட்ட. அதுல என்ன பாவத்தைக் கண்ட?"

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெரேய்தாவின் முதல் புருஷன் படகேறி ஓடிப்போனவன். விவாகரத்து இந்த வருஷம்தான் கிடைத்தது. கல்யாணம் பதிவாகும்வரை இருவருக்கும் கடைசி பெஞ்சுதான், இராப்போஜன அப்பமும் ரசமும் கிடையாது.

"அந்த அப்பத் தட்டு அவளைத் தாண்டிப் போறப்ப அவ முகத்தை நீ பாத்திருக்கியா?" என்று கேட்டார்.

"பாத்திருக்கேன். நீ என் புள்ள முகத்தைப் பாத்திருக்கியா? உன்னைப் பாத்துத்தான் அது வளருது."

அவர் வலையில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். பிறகு, "யூதெல்காவை அன்னைக்குக் கூட்டிட்டு வராத" என்றார்.

ஆனால் அவளை யார் தடுப்பது? மாமா இரண்டாவது முறை முழுகப்போகிறார் என்று ஊர்ப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஞாயிறு காலை எனக்கு முன்பே ஓடிப்போய் அலை காலில் படும் இடத்தில் நின்றுகொண்டாள்.

அண்ணன் வெள்ளைச் சட்டையோடு இடுப்பளவு நீரில் நின்றார். பாஸ்டர் அவர் தோளில் கைவைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் கரையைப் பார்த்தார். யூதெல்கா கையை ஆட்டினாள். அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனாலும் அந்தக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நான் பொம்பள பேருலயும் பொம்பள உடுப்புலயும் பொய்யா வாழ்ந்தேன். அந்தப் பாவத்தை விட்டுட்டேன்."

கரை முழுவதும் ஆமென் என்றது. சாட்சி முடிந்தால் ஆமென் சொல்லிப் பழகிய வாய்கள். டோமினோக்காரர்கள் சொன்னார்கள். அந்தப் பாவாடையைத் தன் கையால் தைத்த பெரியம்மாவும் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், அதற்குள் என் வாயிலிருந்தும் வந்துவிட்டது. யூதெல்கா திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

சபை வாசலில் வைத்தே புதுப் பதிவைப் போட்டேன். ஆண், இன்றைய தேதி. சான்றிதழ் ஒரு நொடியில் அச்சாகி வந்தது. நெரேய்தா அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அவளை என்னால் வெறுக்க முடியவில்லை. அண்ணன் ஈரச் சட்டையோடு தூரத்தில் நின்றார், எங்கள் பக்கம் வரவில்லை.

முழுக்குக்குப் பிறகு சபையில் போட்ட சாப்பாட்டு மேஜையில் யூதெல்காவைக் காணவில்லை. தேடிப் போனால் சபைக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நான் மாறாம இப்படியே இருந்துட்டா, அப்ப பாவமில்லையே?"

பாவம் இல்லவே இல்லை, மாறினாலும் இல்லை, மாமா சொன்னது அவர் வார்த்தையே இல்லை, அந்தப் பெரியவர் எழுதிக் கொடுத்தது என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நீயும் ஆமென் சொன்னியே" என்றாள்.

தான் மாறக் கூடாது என்று ஜெபம் பண்ணச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்து மண்ணில் மண்டியிட வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள், நானும் கூடவே சொன்னேன்.