நூற்றுப் பன்னிரண்டாவது ஓடும் கொம்பையாவின் இடது காலும்

1

இந்தக் கதை ஒரு துண்டுத்தாளிலிருந்து வந்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. குன்றத்தூரில் மலைக்கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, மிக்ஸிக்கும் மோட்டாருக்கும் கூடவே வருகிற தாள்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. போன மாதம் ஓடு வெட்டும் மிஷினுக்கான தாள் வந்தது. அதில் நான்காவது வரி: 'வெட்டும்போது ஓட்டைப் பாதுகாப்பாகவும் வசதியாகவும் பிடித்துக்கொள்ளவும்.'

அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்க வேண்டிய வேலை. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். எதால் பிடிப்பது? மிஷினை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லி இரண்டாவது வரியில் போட்டிருக்கிறது. நான்காவது வரிக்கு மூன்றாவது கை எங்கிருந்து வரும்?

தாள் அனுப்பியவருக்கு போன் போட்டுக் கேட்டேன். "அது சும்மா பொதுவா போடறது சார். அப்படியே போட்டுடுங்க" என்றார். அப்படியே போட்டுவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. மனசு ஆறாதவன் ஒன்று சண்டை போடுவான், இல்லையென்றால் கதை எழுதுவான். எனக்குச் சண்டை வராது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'ஒரகடத்துப் புகைபோக்கிகளுக்கு மேலே செக்கச் சிவந்த சூரியன் —' (அடித்துவிட்டேன். ஒரகடத்தில் நான் அண்ணாந்து பார்த்ததெல்லாம் கம்பெனி பஸ்ஸின் நம்பரைத்தான்.)

'கொம்பையாவுக்கு அறுபது வயது. நாற்பது வருஷமாகக் கூரை வேலை —' (இதையும் அடித்துவிட்டேன். அறுபது வயது வைத்ததும் மனிதர் வாழ்க்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நிறுத்தவே முடியவில்லை. இருபத்தொன்பதாகக் குறைத்தேன். இப்போது வேலையைப் பார்க்கிறார்.)

"ஏ அத்தான், காலை எடுங்க!"

இது இருக்கட்டும்.

3

"ஏ அத்தான், காலை எடுங்க!" என்று மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று கத்தினாள் இசக்கிசெல்வி.

கொம்பையாவுக்குக் கேட்கவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டைச் சின்ன மரக்கட்டை மேல் சாய்த்து, ரப்பர் செருப்புப் போட்ட இடது காலால் மிதித்து, இடுப்பை ஒடித்துக் குனிந்து, பெருவிரலுக்கு நாலு விரற்கடை தள்ளி மிஷினை இறக்கிக்கொண்டிருந்தான். செம்புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது.

இடம், பிள்ளைப்பாக்கத்தில் பலராமன் வீட்டு மொட்டை மாடி. கீழ்வீட்டின் இரண்டு அறைகளில் கம்பெனிப் பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். வள்ளியூர்ப் பக்கத்துச் செல்வி அதில் ஒருத்தி. பலராமனின் மனைவி கனகம் மாடியில் மெஸ் தொடங்கப்போகிறார். தகரம் போட்டால் சாப்பிடுகிறவன் சோற்றோடு சேர்ந்து வெந்துபோவான் என்று கனகம் ஓட்டுக்கூரைதான் வேண்டுமென்றுவிட்டார். பலராமன் மூன்று ஊர்களில் இடித்த வீடுகளிலிருந்து பழைய ஓடுகளை வாங்கி வந்து குவித்திருந்தார். கூரைக்கு நாலு பக்கமும் சரிவு. சரிவும் சரிவும் சேருகிற நாலு மூலையிலும் ஓட்டைக் குறுக்கே வெட்டித்தான் பொருத்த வேண்டும். வெட்ட வேண்டியவை இன்னும் நூற்றுப் பன்னிரண்டு. "எங்க அத்தை மகன் ஒருத்தர் இருக்காவ, கூரை வேலை நல்லா பாப்பாவ" என்று கொம்பையாவைக் கூப்பிட்டுவிட்டதே செல்விதான்.

கூப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேச்சை எடுத்துவிட்டார்கள். கொம்பையாவுக்குச் சம்மதம். செல்விக்கு அவனைப் பதினாலு வயதிலிருந்தே பிடிக்கும். 'யோசிச்சுச் சொல்லுதேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தாள்.*

* இவ்வளவு பிடிக்கும் என்றால் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நானும் கேட்டேன். பதில் அவன் காலில் இருந்தது; அதைக் கொடையன்றே அவள் கவனித்திருந்தாள்.

மிஷின் நின்றது.

"எதுக்கு இப்படிக் கத்துத?" என்றான் கொம்பையா.

"பெருவிரல் நகம் எங்க?"

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். நகம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய தழும்பு ஒன்று பளபளத்தது. "அது போன வருசம். அப்ப இருந்தது வேற மிஷினு."

"காலு அதே காலுதானே?"

செல்வி ஒரகடத்தில் கார் கதவுத் தகடு அடிக்கிற கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறாள். அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பச்சைப் பொத்தான்கள், ஒன்றுக்கொன்று ஒரு முழத் தூரத்தில். இரண்டு உள்ளங்கையும் இரண்டிலும் இருந்தால்தான் பிரஸ் கீழே இறங்கும். ஒரு கையை எடுத்தாலும் அப்படியே நின்றுவிடும். நாலு வருஷமாக, ஒரு ஷிஃப்டுக்கு எழுநூறு தடவை, அவளுடைய கைகளுக்கு அது பழகிப்போனது. அறையில் சிநேகிதிகள் 'சினிமாவுக்குப் போலாமா?' என்று கேட்டால்கூட வாயால் சொல்லமாட்டாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காற்றில் அழுத்துவாள். சரி, கிளம்பலாம் என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவளுக்கு, நகமில்லாத ஒரு கால் சுழலுகிற தகட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? பயந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இந்தக் கூரை முடியுத வரைக்கும் உங்க காலு ஓட்டு மேல ஏறக்கூடாது. நூத்திப்பன்னெண்டு ஓட்டுக்கும். அப்படி முடிச்சியன்னா நம்ம பேச்சைப் பேசுவோம். காலு ஏறிச்சுன்னா, இந்த ஜென்மத்துல பேச்சே கிடையாது."

"அப்ப ஓட்டை யாரு பிடிப்பா?"

நாலாவது வரி. பாருங்கள், நான் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அவன் கேட்டதும் அவள் சொன்னாள்: "பிடிக்கதுக்கு நான் ஒண்ணு செஞ்சு தாரேன்."

4

(இந்தப் பகுதியில் அவளை ஜெயிக்கவைத்து எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் பரிசளிப்பு விழா மாதிரி இருந்தது. கிழித்துப்போட்டுவிட்டு, நடந்திருக்கக்கூடியதை எழுதுகிறேன்.)

வார விடுமுறையன்று செல்வி ஒரு ஓட்டை எடுத்து டேப் வைத்து அளந்தாள். நீளம், அகலம், ஓட்டின் அடியில் துருத்துகிற காதின் உயரம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். இரும்புக்கடையில் பட்டை வாங்கி, ஒரகடம் கூட்ரோட்டில் வெல்டிங் வைத்து, ஓடு அச்சாகப் போய் உட்காருகிற மாதிரி ஒரு சட்டம் செய்தாள். பக்கத்துக்கு ஒரு திருகாணி. திருகினால் ஓடு அசையாது.

முதல் ஓடு அளவெடுத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. அளவெடுத்தது அதைத்தானே! கொம்பையா இரண்டு கையாலும் மிஷினைப் பிடித்து வெட்டினான். சுத்தமான வெட்டு.

இரண்டாவது ஓடு சட்டத்துக்குள் நுழையவே இல்லை.

மூன்றாவது நுழைந்து, உள்ளே கிடந்து தடதடவென்று ஆடியது.

நான்காவது ஓரத்தில் கொஞ்சம் வளைந்திருந்தது. செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு திருகாணியை இன்னும் ஒரு சுற்று முடுக்கினாள். டப்பென்று ஓடு இரண்டாகப் போனது.

கம்பெனியில் ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தால் லைனையே நிறுத்துவார்கள். ஒன்றை அளந்தால் எல்லாவற்றையும் அளந்த மாதிரி என்பது அவளுக்கு ஊறிப்போன பாடம். இங்கேயோ மூன்று ஊர், மூன்று சூளை, எத்தனையோ மழை, எத்தனையோ வெயில்.

கொம்பையா விழுந்து விழுந்து சிரித்தான். "ஏ செல்வி, இது உங்க கம்பெனித் தகடுன்னு நினைச்சியோ? ஓடு! வீட்டுக்கு ஒரு ஓடு, ஓட்டுக்கு ஒரு கோணல்!"

பலராமனும் எட்டிப்பார்த்தார். "இன்னாம்மா, ஓட்டுக்கு ஜெயிலு கட்டிக்கிறியா?"

"கம்முனு இருய்யா" என்றார் கனகம். "அந்தப் பொண்ணு மூஞ்சி வாடிப்போய்க் கீது, சிரிப்பு கேக்குது உனக்கு."

அப்போதுதான் கொம்பையா அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. உடைந்த இரண்டு துண்டுகளையும் பொறுக்கித் துடைத்துச் சுவரோரமாக வைத்தான். "இருக்கட்டும், சின்ன மூலைக்கு ஆவும்" என்றான். பிறகு, அவளைப் பார்க்காமல், "நீ வேற ஒண்ணு செய்யுத வரைக்கும் நான் மேல கூரைச் சட்டத்தைப் பூட்டுதேன். வெட்டு வேலை நிக்கட்டும்" என்றான்.

அவன் மீது எனக்கிருந்த சந்தேகம் இந்த இடத்தில்தான் போனது. அதுவரைக்கும் இவனுக்கு இவளைக் கொடுக்கலாமா என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன்.

5

செல்வி அன்றைக்குப் பார்த்தது இன்னொன்றும் உண்டு. முதல் ஓடு சட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தபோதுகூட, கொம்பையாவின் இடது கால் மெல்ல மேலே கிளம்பிக் கிளம்பி இறங்கியது. பத்து வருஷப் பழக்கம். காலுக்கு வேலை இல்லையென்றால் அது பழைய வேலையைத் தேடிப் போகிறது.

அப்படியானால் காலுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால்?

இரண்டாவது தடவை அவள் டேப்பைத் தொடவே இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு பழைய மேசை. அதன்மேல், அரிசிச் சாக்கில் முக்கால்வாசி மணல் நிரப்பித் தைத்த ஒரு தலையணை. தைத்துக் கொடுத்தது கனகம். எந்தக் கோணல் ஓட்டை வைத்தாலும் மணல் விலகி அதற்கு இடம் கொடுத்தது. பிறகு லாரி ட்யூபிலிருந்து அறுத்த ஒரு பட்டை, ஓட்டுக்குக் குறுக்கே போய் மேசைக்கு இரண்டு பக்கமும் இறங்கி, கீழே ஒரு மிதிபலகையில் முடிந்தது. பலகையை மிதித்தால் பட்டை இழுபட்டு ஓட்டை மணலோடு அணைக்கும். காலை எடுத்தால் விட்டுவிடும். வெட்டுகிற கோடு மட்டும் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

மிதிக்கலாம். ஆனால் தரையில் மிதிக்க வேண்டும்.

கொம்பையா கண்ணாடி மாட்டி, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, கோணலிலும் கோணலான ஓட்டைத் தேடி எடுத்து வைத்தான். மிதித்தான். ஓட்டை இந்தப்பக்கம் ஆட்டினான், அந்தப்பக்கம் ஆட்டினான். அசையவில்லை. வெட்டினான். இன்னொன்று. இன்னொன்று. பத்து ஓடு வெட்டிய பிறகு மிஷினை நிறுத்தி, முதுகில் கையை வைத்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றான்.

"என்னாச்சு?" என்றாள் செல்வி பதறி.

"இடுப்பு வலிக்கலையே! நிமிந்து நின்னே வெட்டுதேன்!"

கனகம் கைகொட்டிச் சிரித்தார். "தையல் மிஷினு மாதிரில்ல கீது!" பலராமன் விடுவாரா? மிஷினைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வெறும் பலகையை நாலு தடவை மிதித்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்று இறங்கி வந்து, ஐந்தாவது தடவை மிதிக்க மறுபடி போனார்.

எனக்கும் மிதித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. கதை எழுதுகிறவனுக்கு அதற்கெல்லாம் அனுமதியில்லை.

6

வியாழக்கிழமை மதியம். வெள்ளிக்கிழமை காலை மெஸ் திறப்பு. நூற்றுப் பதினோரு ஓடுகள் வெட்டி மாட்டியாகிவிட்டன. கடைசி ஒன்று, உச்சி மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முக்கோணத் துண்டு.

செல்வி அன்றைக்கு உடைத்த ஓட்டின் துண்டுகளில் ஒன்றைக் கொம்பையா எடுத்தான். மணல்மேல் வைத்து மிதித்தான். பட்டை அதன்மேல் ஏறியதும் வெட்டுவதற்கு இடமே இல்லை. பட்டையை நகர்த்தினால் துண்டு நழுவியது. மூன்று தடவை வைத்தான், மூன்று தடவையும் நழுவியது.

தரையில் வைத்துக் காலால் ஒரு மிதி. ஒரே நிமிஷ வேலை. ஷிஃப்டு முடிந்து செல்வியின் கம்பெனி பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"யாரு பாக்கப் போறாங்க? மிதிச்சு வெட்டிடு தம்பி" என்றார் பலராமன்.

துண்டு தரைக்கு வந்தது. இடது கால் கிளம்பியது.

7

முடிவுகள்.

அ) மிதித்து வெட்டுகிறான், விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, செல்விக்குத் தெரியாது, கல்யாணம். (இப்படி எழுதினால் வாழ்நாள் முழுக்க நான் இவள் முகத்தில் விழிக்க முடியாது.)

ஆ) செல்வி ஓடிவந்து தன் கையால் துண்டைப் பிடிக்கிறாள், அவன் வெட்ட — (ஐயோ, கூடாது! இதைப் படிக்கவே படிக்காதீர்கள்.)

இ) கால் ஓட்டுக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது. கொம்பையா அந்தக் காலையே பார்த்தான். பிறகு இறக்கி, செருப்பைச் சரிசெய்துகொண்டு, குவியலில் மிச்சமிருந்த ஒரே முழு ஓட்டை எடுத்து வந்தான். அதன் மூலையில் சாக்பீஸால் அந்தச் சின்ன முக்கோணத்தை வரைந்தான். முழு ஓட்டை மணல்மேல் வைத்தான். முக்கோணம் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெரியதைப் பிடித்தால் போதும். சின்னதை ஏன் பிடிக்க வேண்டும்?

"அடப்பாவி, அந்த ஒரு துண்டுக்கா முழு ஓட்டை வெட்டப் போற?" என்றார் பலராமன்.

"வெட்டட்டும்யா" என்றார் கனகம். "கல்யாண மொய்யுன்னு வச்சிக்க."

படியில் செருப்புச் சத்தம். அன்றைக்கு பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. (வரவைத்தது நான்தான். இவ்வளவு தூரம் வந்தபிறகு அவளை ரோட்டில் நிறுத்திவைக்க எனக்கு மனசு வரவில்லை.)

செல்வி சாப்பாட்டுப் பையோடு கடைசிப் படியில் நின்றாள். முதலில் பார்த்தது அவன் காலை. அது கீழே, பலகையில் இருந்தது. இரண்டு கையும் மிஷினில் இருந்தன. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முக்கோணத் துண்டு விழுந்து, கனகம் கீழே விரித்திருந்த சாக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

கொம்பையா நிமிர்ந்து பார்த்தான். மிஷினை அணைக்க மறந்துபோய், அந்த இரைச்சலிலேயே கேட்டான்:

"இப்ப பேசலாமா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்தாள். ஒன்றுக்கொன்று ஒரு முழத் தூரத்தில், காற்றில் அழுத்தினாள்.

வாயாலும் என்னமோ சொன்னாள். மிஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நான் குன்றத்தூரில் இருக்கிறேன். நீங்கள் அந்தப் படிக்கட்டுக்கு என்னைவிடக் கிட்டத்தில் நிற்கிறீர்கள். காதில் விழுந்ததை நீங்களே நிரப்பிவிடுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

செல்வி சொன்னாள்: "..........................................."